உப்புக்காற்று தின்ற அலாய் வீல்: கிளியரை உரித்துச் சில்வர் அடித்த அனுபவம்

வேதாரண்யத்தில் மாமா ஓட்டிக்கொண்டிருந்த கார் இப்போது மன்னார்குடியில் என்னிடம் இருக்கிறது. பாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீல்கள்தான் பார்க்கச் சகிக்காமல் இருந்தன. 15 அங்குல அலாய், அதாவது அலுமினியக் கலவையில் வார்த்தவை. ஸ்போக்கின் முன்முகம் லேத்தில் சீவிய பளபளப்பு, பக்கவாட்டில் சாம்பல் பெயிண்ட், மொத்தத்துக்கும் மேலே கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. புதிதில் கண்ணைப் பறிக்கிற ரகம். இப்போது ஸ்போக்கின் ஓரங்களில் கிளியர் மஞ்சளாகிச் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்காத இடங்களில் கிளியருக்கு அடியில் வெள்ளை நூல்கள் வளைந்து வளைந்து ஓடியிருந்தன. நட்டு ஓட்டைகளைச் சுற்றி, வால்வு பக்கத்தில், வீல் ஆடாமல் சுற்றுவதற்கான பேலன்ஸ் வெயிட் அடித்த விளிம்பில் இந்த நூல்கள் அதிகம்.

எங்கள் ஊர் பெயிண்டர் அண்ணன் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்: “உப்புப் பூத்திருக்கு தம்பி. மேல அடிச்சா நிக்காது. மொத்தத்தையும் உரிக்கணும்.” அவர் சொன்னது சரிதான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

அலுமினியத்துக்கு இரும்பைப் போலச் செந்துரு வராது. வெட்டவெளியில் விட்டால் தன் மேலேயே மெல்லிய ஆக்சைடு தோலைப் போட்டுக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். அந்தத் தோலை உடைப்பது உப்பில் இருக்கிற குளோரைடு. ஒரு சின்னக் கல் தெறித்துக் கிளியரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஈரமும் உப்பும் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய துளி ஓரிடத்தில் நிற்பதில்லை. அதன் முன்பகுதி காற்றுப் படாமல், கடும் அமிலத்தன்மையோடு, உலோகத்தைக் கரைத்துக்கொண்டே நகரும். பின்பகுதிக்குக் காற்று கிடைப்பதால் அங்கே கரைந்ததெல்லாம் வெள்ளைப் பொடியாகக் காய்ந்துவிடும். தலை நகர நகர வால் நீளும். நம் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை நூல் அந்த வால்தான். இதெல்லாம் நடக்கக் காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் போதும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கும். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தடவிக்கொண்டு வருகிற காற்று உப்புக்குக் குறை வைக்காது.

உப்பு அந்தத் தலைக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். வெயிலில் காயவைத்தால் நூல் நகர்வதை நிறுத்தும், அவ்வளவுதான். அதன் மேல் புதுக் கிளியர் அடித்தால், ஐப்பசி மழை பிடித்ததும் அதே நூல் அதே இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து, ஸ்ப்ரே டப்பாவில் ரெண்டு கோட் அடித்த வீல்கள் எங்கள் பக்கம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் போவது இதனால்தான்.

லேத்தில் சீவிய முகத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கூரான ஓரத்தில் பெயிண்ட் எதுவும் கனமாகத் தங்காது. ஈரமாக இருக்கும்போதே ஓரத்தை விட்டு ரெண்டு பக்கமும் விலகிவிடும். போதாக்குறைக்கு, பளபளப்பு தெரிய வேண்டும் என்பதற்காக அந்த முகத்தில் பிரைமரும் (உலோகத்தின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) போட முடியாது. வெறும் உலோகம், அதன் மேல் நேரடியாகக் கிளியர், அதுவும் ஓரத்தில் மிக மெல்லியதாக. எல்லா வீலிலும் ஸ்போக்கின் ஓரமே முதலில் உரிவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம் என்று யோசித்தபோது நாலு வழி இருந்தது. பெரிய நகரத்துக்கு அனுப்பி மறுபடி லேத்தில் சீவி வாங்குவது ஒன்று. ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் குறையும், முடிவில் அதே வெற்று உலோகத்தின் மேல் அதே கிளியர். திருச்சியில் கொடுத்து பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது, இன்னொன்று. அது நல்ல வழிதான். ஆனால் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது வார்ப்பின் நுண்துளைகளில் சிக்கிய காற்று கொப்புளமாக வெளியே வரும். வார்ப்பு வீலை முதலில் வெறுமனே ஒருமுறை சூடாக்கிவிட்டு, அப்புறம் பவுடர் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கேட் கிரில்லுக்கு அடிக்கும் கை எல்லாம் இதற்கு ஒத்துவராது.

மாமா சொன்ன வழி வேறு. “நாச்சியார்கோயில் பட்டறைல குடுத்தா குத்துவிளக்கு மாதிரி மினுக்கிக் குடுத்துருவாங்க மாப்ளே. பெயிண்டே வேணாமே.” நாச்சியார்கோயில் பட்டறைகளில் வார்த்த விளக்கைக் கடைசல் பிடித்து மெருகேற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்கு இந்த அலுமினியம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குத்துவிளக்கு பூஜை அறையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறோம். வீல் சேற்றில் ஓடுகிறது, பிரேக் தூசியில் குளிக்கிறது. மினுக்கிய அலுமினியம் எங்கள் காற்றில் வெகு சீக்கிரம் மங்கிவிடும். அதைத் துலக்கிக்கொண்டே இருக்க என்னால் ஆகாது.

அதனால் பளபளப்பை விட்டுக்கொடுத்தேன். முழுவதும் உரித்து, எப்பாக்ஸி பிரைமர், சில்வர், அதன் மேல் டூ-கே கிளியர் (ஹார்ட்னர் என்ற கெட்டியாக்கியைக் கலந்து அடிப்பது) என்று முடிவு. கடலிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிற யாருக்கும் இதையேதான் சொல்வேன். பிரைமர் இல்லாத பூச்சு நம் பக்கத்து அலாய்க்குச் சரிப்படாது.

உங்கள் வீலுக்கும் இவ்வளவு வேலை தேவையா என்று தொடங்கும் முன் பாருங்கள். மங்கிய இடத்தில் தண்ணீரைத் தெளித்தால் அந்த மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கிளியரின் மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்; நம்பர் கூடக் கூட நைஸ்) பாலிஷும் போதும். தண்ணீர் பட்டும் வெண்மை அப்படியே தெரிந்தால் கோளாறு அடியில். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கிளியர் டேப்போடு வந்தால் உரிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, வீலைக் கழற்றியதும் உள்பக்கத்தை டார்ச் அடித்து ஒரு சுற்று பாருங்கள். பள்ளத்தில் இறங்கிய வீலுக்கு உள் விளிம்பில்தான் விரிசல் விழும். விரிசல் கண்ட வீலுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், வெல்டு வைத்தும் ஓட்டாதீர்கள். வார்த்தபின் சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய உலோகம் அது. வெல்டு சூட்டில் அந்த வலு போய்விடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதே நல்லது.

வேலையை மாசியில் வைத்துக்கொண்டேன். மழை இல்லை, மார்கழிப் பனியும் குறைந்திருக்கும், வெயில் உண்டு. ஒரே தொல்லை சம்பா அறுவடைத் தூசி. ரோட்டில் நெல் காய்கிறது, அறுவடை இயந்திரம் போகிறது, வைக்கோல் தூள் காற்றில் பறக்கிறது. கொல்லையில் கார் நிறுத்தும் கொட்டகையின் மூன்று பக்கமும் பழைய சேலைகளைக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியபின் அடித்தேன். ஆடியில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். அந்த மேல்காற்றுக்குச் சேலை தாங்காது.

முன் வீல் ரெண்டிலும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டயர் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பூத்தால் இப்படித்தான் கசியும். அதனால் அந்த ரெண்டுக்கும் பஞ்சர் கடையில் டயரை முழுதாகக் கழற்றச் சொன்னேன். பின் வீல்களில் கசிவு இல்லை. அவற்றில் காற்றை இறக்கி, முன்பக்க விளிம்பை மட்டும் டயரிலிருந்து விடுவித்து வாங்கிக்கொண்டேன். விளிம்புக்கும் டயருக்கும் நடுவே சுற்றிலும் அட்டை செருகினால் பெயிண்ட் டயரில் படாது, விளிம்பின் உள்மடிப்பு வரை பூச்சும் ஏறும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு நிகர் இல்லை; கனமும் உண்டு, வளையவும் செய்யும். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி செருகிக்கொண்டே போனால் முழு வட்டமும் மூடிவிடும்.

கழுவுவதில் அவசரம் கூடாது. முதலில் ஷாம்பூ, அப்புறம் தார்ப்பொட்டுக்கு மண்ணெண்ணெய், அதன் பின் பிரேக் தூசியைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர். அடித்ததும் அது ஊதாவாக மாறி ஒழுகும். சூட்டோடு கிளியரில் குத்தி நிற்கிற இரும்புத் துகள்கள் கரைவதற்கு அடையாளம் அது. வாட்டர் சர்வீஸில் ‘ஆசிட்’ போட்டால் ஒரே நிமிஷத்தில் போகும் என்பார்கள். வேண்டாம். காஸ்டிக் சோடா அதைவிட மோசம், அலுமினியத்தையே நுரைக்க நுரைக்கத் தின்றுவிடும்.

கழுவும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதே தண்ணீரில் தேய்த்து, அதே தண்ணீரில் அலசி, அது காய்ந்த தடத்தின் மேல் பிரைமர் அடித்தால் நாமே உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகிவிடும். கடைசி அலசலும், பேப்பர் போடும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்கள் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரை ரெண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரிப்பதற்கு ஜெல் மாதிரி வருகிற பெயிண்ட் ரிமூவர். டயர் இல்லாத முன் வீல்களுக்கு மட்டும்தான் அதைத் தொட்டேன், ரப்பருக்கு அது ஆகாது. பழைய பிரஷ்ஷால் ஒரே திசையில் கனமாக அப்பி, மேலே பாலிதீன் தாளைப் போட்டு மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் நம் ஊர் வெயிலில் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்துவிடும். கால் மணி நேரம் கழித்துத் தாளைத் தூக்கினால் கிளியர் சுருங்கிச் சுருங்கி எழும்பியிருக்கும். பிளாஸ்டிக் தகட்டால் வழித்து எடுக்கலாம். கம்பெனிக் கிளியர் கெட்டி. ஒரே பூச்சில் எல்லா இடமும் வராது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளி தோலில் பட்டாலும் எரியும். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்.

பின் வீல்களுக்கு வாட்டர் பேப்பர்தான். 180ல் தொடங்கி 320, முடிவில் 400. கை வலிக்கும், வேறு வழியில்லை.

முன் வீலோ பின் வீலோ, அடுத்துச் சொல்வதுதான் முழு வேலைக்கும் உயிர். கிளியர் போனபின் வெள்ளை நூல் மேலோட்டமாகத் துடைத்தாலே போய்விடும், உலோகம் சுத்தமாகத் தெரியும். அங்கே நிறுத்தக் கூடாது. செல்போன் டார்ச்சை வீலின் முகத்துக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். நூல் ஓடிய தடம் மங்கலான சாம்பல் கோடாக, தொட்டால் தெரியாத பள்ளமாக இன்னும் இருக்கும். அந்தக் கோட்டின் அடியில்தான் உப்பு. கோடு மறையும் வரை 180ஐப் போட்டு, கோட்டின் நுனிக்கு அப்பாலும் ஒரு விரல் அகலம் தேய்த்தேன். ஆழமான குழிகளுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ். சாதா இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் குத்தி நின்றால், ஈரம் படும்போது அந்தந்தப் புள்ளியில் அரிப்பு புதிதாகத் தொடங்கும்.

இதே சமயத்தில் ஸ்போக்கின் கூரான ஓரம் முழுவதையும் 320 போட்டு லேசாக உருட்டிவிட்டேன். நகத்தை ஓட்டினால் வெட்டாமல் வழுக்க வேண்டும், அந்த அளவு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பூச்சு அங்கே கனமாக நிற்பதற்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அப்புறம் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மெட்டல் கண்டிஷனர். டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் சேர்த்து, ஸ்பாஞ்சால் தடவி, காயவிடாமல் சில நிமிஷம் வைத்து, நல்ல தண்ணீரில் தாராளமாக அலசினேன். குழிகளில் ஒளிந்திருக்கும் மிச்சசொச்சத்தை அது கரைக்கும். அலசியதும் மாசி வெயிலில் வீலைச் சூடு ஏறும் வரை வைத்தேன். வால்வு ஓட்டையும் நட்டு ஓட்டைகளும் கடைசியாகக் காயும், அங்கே ஹேர் டிரையர் பிடித்தேன்.

இதன் பிறகு தாமதம் கூடாது. தேய்த்த அலுமினியம் காற்றில் உடனே ஆக்சைடு போட ஆரம்பிக்கும். அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பிரைமர் ஏற வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வியர்வையும் உப்புதான். வேக்ஸ் ரிமூவரைத் துணியில் நனைத்துத் துடைத்து, காயும் முன் வேறு துணியால் ஒற்றி எடுத்தேன். வெள்ளைப் பனியன் வேஸ்ட் போதும், சாயத்துணி வேண்டாம். பெட்ரோலால் துடைப்பதைப் பட்டறைகளில் பார்க்கிறோம், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். பின் வீல் டயர்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். டயர் பாலிஷில் சிலிகான் இருக்கும். அது ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டமாக விலகிக் குழி விழும்.

மறைக்க வேண்டிய இடங்கள் மூன்று. நட்டு உட்காரும் சரிவு, ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டும் இரும்பு நடுப்பகுதி) சேரும் பின்முகம், டயர் உட்காரும் படி. முதல் ரெண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. அங்கே பெயிண்ட் இருந்தால் நட்டு முறுக்கும்போது இறுகியதுபோல் இருக்கும், ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒவ்வொரு நட்டு ஓட்டையிலும் இறுக்கிச் செருகி, சரிவின் மேல் விளிம்பு வரை டேப் ஒட்டினேன்.

அடிப்பதற்குப் பெயிண்டர் அண்ணனின் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும். தொடங்குமுன் அவர் கம்ப்ரஸரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். கலங்கிய தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நம் காற்றை அழுத்தினால் தண்ணீர் வரத்தான் செய்யும். அது கன் வழியாக வந்தால் பூச்சு முழுக்கக் கொப்புளம். “இத தெறக்காம கன்னத் தூக்கறவன் பெயிண்டரே இல்ல” என்றார்.

நேரம் காலை பத்துக்கு மேல், மதியம் மூன்றுக்குள். உலோகத்தின் சூடு, காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொதுவிதி. டெல்டாவில் விடியற்காலையில் வீலைத் தொட்டால் ஈரம் கோத்திருக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு இன்னும் குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல வெளுக்கும். வெயில் ஏறியபின் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. உச்சி வெயிலுக்கு வேறு மருந்து: வேகமாகக் காயும் தின்னரும் ஹார்ட்னரும் வேண்டாம், கடையில் ‘ஸ்லோ’ என்று கேட்டு வாங்குங்கள்.

எப்பாக்ஸி பிரைமர் மெல்லியதாக ரெண்டு கோட். காய்ந்தபின் ஓரங்களில் நடைமேடைக் கல் உரசிய காயங்களுக்குப் பட்டி, அதாவது குழியை நிரப்பும் பூச்சு. பாலியெஸ்டர் பட்டியை வெறும் அலுமினியத்தில் வைப்பதைவிட, பிரைமரைச் சொரசொரப்பாக்கி அதன் மேல் வைத்தால் பிடிப்பு நல்லது. 320ல் சமன் செய்து, பட்டி பார்த்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர், பின் எல்லா இடமும் 600ல் ஈரமாக ஒரு தேய்ப்பு.

சில்வர் அடிப்பதில் வரிசை இருக்கிறது. உடைந்த சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தில் பலகை வைத்து அதன் மேல் வீலைப் படுக்க வைத்தோம். நாம் சுற்றாமல் வீலைச் சுற்றலாம். முதலில் ஸ்போக்கின் பக்கச் சுவர்கள், அப்புறம் நட்டுக் குழிகள், விளிம்பு, கடைசியில்தான் முகம். முகத்தை முதலில் அடித்துவிட்டுச் சுவருக்குப் போனால், அங்கிருந்து பறக்கும் காய்ந்த தூள் முகத்தில் படிந்து சொரசொரக்கும். கன் ஒரு சாண் தூரத்துக்குள், காற்று 30 பிஎஸ்ஐயை ஒட்டி. மூன்று மெல்லிய கோட். அதன் பிறகு கன்னை இன்னும் தூரமாகப் பிடித்து, பனி தூவுகிறாற்போல ஒரு சுற்று. சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஈரத்தில் மிதந்து கூட்டம் சேர்ந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். இந்தக் கடைசித் தூவல் அதைச் சமமாக்குகிறது. அண்ணன் மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து கையை வீசி அடிக்கிறார். நான் பின் வீல் ஒன்றை அடிக்கும்போது அவர் முழங்கையைப் பிடித்து வழிகாட்டினார். அந்த வீச்சு பிடிபட்டதும் திட்டு விழுவது நின்றது.

கிளியருக்கு முன் ஒரு எச்சரிக்கை. டூ-கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியும் தூவலும் நுரையீரலைப் பாதிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும், ஆஸ்துமாவாகவே நிலைத்துவிடலாம். மூக்கில் துண்டு கட்டுவதும், தூசிக்குப் போடும் மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது. ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் குறைந்தபட்சம். தொழிலாகச் செய்பவர்களுக்கு வெளிக்காற்றைக் குழாயில் தரும் மாஸ்க்தான் முறையானது. நம் பட்டறைகளில் இருபது வருஷமாக வெறும் முகத்தோடு அடிப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அண்ணனுக்கும் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அன்று முழுக்கப் போட்டிருந்தார்.

கிளியரும் ஹார்ட்னரும் டப்பாவில் போட்ட விகிதப்படி; எங்களுடையது ரெண்டுக்கு ஒன்று. ஒரு வீலுக்கு ஆகும் அளவு மட்டும் கலந்தோம். நம் சூட்டில் கலந்தது கப்பிலேயே சீக்கிரம் கெட்டியாகும். முதல் கோட் லேசாக, பிடிப்புக்கு. கால் மணி நேரம் கழித்து ரெண்டாவது கோட் ஈரமாக, மினுமினுப்பு வருமளவு. உருட்டிய ஓரங்களில் கன்னைச் சரித்துப் பிடித்து இன்னொரு வீச்சு கூடுதல்.

மூன்று மணிக்குள் முடிப்பதற்குப் பனி மட்டும் காரணமில்லை. பொழுது சாய்ந்து விளக்குப் போட்டால் வயலிலிருந்து தத்துப்பூச்சி கிளம்பிவிடும். பச்சைத் தத்துப்பூச்சிக்கு வெளிச்சம் என்றால் உயிர், ஈரக் கிளியரில் உட்கார்ந்தால் அங்கேயே கல்லறை. பகலில் அடித்தும் ஒரு கொசு வந்து உட்காரத்தான் செய்தது. ஈரத்தில் அதைக் குச்சியால் எடுக்கப் போகக் கூடாது, காயம் பெரிதாகும். அப்படியே காயவிட்டு, நாலு நாள் கழித்து 1500ல் தேய்த்து, 2000ல் முடித்து, பாலிஷ் போட்டால் இருந்த இடம் தெரியாது.

தொட்டால் ஒட்டாத நிலை அன்று மாலையே வரும். அதை நம்பி டயர் கடைக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் கொட்டகையிலேயே கிடக்கட்டும். டயர் மாட்டும் இயந்திரத்தின் கொக்கி இளங்கிளியரில் பட்டால் பாடுபட்டதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். கடையில் ரெண்டு விஷயம் கேட்டேன்: வீலை உள்பக்கமாகப் பிடிக்க வேண்டும், கொக்கிக்குப் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். பேலன்ஸ் வெயிட்டும் விளிம்பில் சுத்தியலால் அடிக்கும் ரகம் வேண்டாம், உள்ளே ஒட்டும் ரகம் போதும் என்றேன். மாமா வீல்களில் விளிம்புக் கிளியரை முதலில் உடைத்தது அந்தச் சுத்தியல் அடிதான், அடி பட்ட ஒவ்வொரு இடத்திலிருந்தும் நூல் கிளம்பியிருந்தது.

மாட்டுமுன் ஹப்பின் முகத்தில் இருந்த செந்துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நடு வளையத்தில் மட்டும் காப்பர் கிரீஸ் ஒரு தடவல். கடலோரத்தில் அலுமினிய வீல் இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொண்டு, ரோட்டில் பஞ்சரானால் உதைத்தும் வராது. போல்ட் மரைகளில் கிரீஸ் படக் கூடாது. நட்டை எதிரெதிராக இறுக்கி, முடிவில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்; உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வண்டி ஓடியது. வேதாரண்யத்துக்கும் போய் வந்தது, டிராக்டர் கூண்டுச்சக்கரம் ரோட்டில் உதிர்த்துப் போன சேற்றிலும் ஓடியது. தை பிறந்ததும் வீல்களைக் கழற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு ஸ்போக்காகப் பார்த்தேன். நூல் எங்கும் இல்லை. முன் வீல்களில் காற்று இறங்கவில்லை. இடது முன் வீலில் ஒரு கல் தெறித்துச் சில்வர் வரை பெயர்ந்திருந்தது. அடியில் சாம்பல் பிரைமர் முழுதாக இருந்தது, உலோகம் தெரியவில்லை. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கூர்நுனிப் பிரஷ்ஷால் சில்வர் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் கிளியர் ஒரு பொட்டு. இந்தப் பொட்டு வைக்கும் வேலையை வருஷத்தில் ரெண்டு தரம் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஐப்பசிக்கு முன்னால் ஒன்று, தையில் ஒன்று. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் மறுநாளே வீல்களுக்கு நல்ல தண்ணீர், ஸ்போக்கின் பின்பக்கத்துக்கும் சேர்த்து. சேறு காய்ந்து அங்கேதான் ஒளிந்திருக்கும்.